பிள்ளைகள் தொழில் தொடங்கட்டும். நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் வட்டாரங்களில் விவசாயிகள் கூட்டம் நடந்தால், உரத்தைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் கேட்டு முடித்த பிறகு, இப்போதெல்லாம் வேறு ஒரு கேள்வியும் வருகிறது. "பையன் படித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான். சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறான். நிலப் பத்திரத்தை வங்கியில் வைக்கச் சொல்கிறான். வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "பக்கத்து ஊர்ப் பையன் கம்பெனி ஆரம்பித்திருக்கிறான். குதிரைவாலியைக் கொடுங்கள், பணம் பிறகு தருகிறேன் என்கிறான். நம்பிக் கொடுக்கலாமா?" என்கிறார்கள்.

இளைஞர்கள் கிராமத்தில் தொழில் தொடங்க வேண்டும் என்பதிலும், அதற்கு நாம் ஆதரவு தர வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. விளைந்ததை மூட்டையாகவே விற்கும் வரை நமக்குக் கிடைப்பது மூட்டை விலைதான். அதைச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, அரைத்து, பொட்டலம் கட்டி விற்க நம் வீட்டுப் பிள்ளைகள் முன்வந்தால் நல்லதே. ஆனால் அந்த ஆதரவு நில அடமானமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தையும், வேறு எவ்வகையில் உதவலாம் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

நம் பகுதியின் நிலைமை

பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. இவ்விரண்டின் தண்ணீரை நம்பி இருபோகப் பகுதியில் சுமார் 45 ஆயிரம் ஏக்கரும், மேலூர், திருமங்கலம் கால்வாய்களின் ஒருபோகப் பகுதியில் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் ஏக்கரும் இருக்கின்றன. அணையில் போதிய நீர் இருந்தால் ஜூனில் இருபோகத்துக்கும், செப்டம்பரில் ஒருபோகத்துக்கும் தண்ணீர் வரும். இல்லையென்றால் தள்ளிப் போகும். சில ஆண்டுகளில் முறை வைத்துத்தான் வரும். டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டிப் பக்கம் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் பருத்தியும் குதிரைவாலியும் மக்காச்சோளமும் உண்டு. பெய்யாவிட்டால் விதைத்த விதையும் போயிற்று.

விலையும் இப்படித்தான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் ஆயிரக்கணக்கில் போகும் ஒரு கிலோ பூ, வரத்து மிகுந்த நாளில் பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டாமல் போவதை நீங்கள் அறிவீர்கள். குறியீடு பெயரைக் காப்பாற்றும். விலையைக் காப்பாற்ற அதனால் மட்டும் இயலாது.

இப்படிப்பட்ட இடத்தில் விவசாயத்தைச் சார்ந்து ஒரு தொழில் தொடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்தால் தகப்பனாருக்கு விளைச்சல் இல்லை. அதே ஆண்டில் மகனுடைய ஆலைக்கு அரைக்கத் தானியமும் இல்லை. விலை சரிந்தால் இருவருக்கும் சேர்ந்தே சரியும். நெசவோ பட்டறையோ வைத்திருக்கும் மகன், பயிர் பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கலாம். விளைபொருளையே நம்பித் தொழில் செய்யும் மகனுக்கு அது முடியாது. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் கிணற்றில் இறங்குவதைப் போன்றது இது. அந்தத் தொழிலுக்கு நிலத்தையும் அடமானம் வைத்தால், மேலே நின்று கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை.

"நிலத்தைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? துணிந்து இறங்காமல் யார் முன்னேறினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். துணிவு வேண்டும். ஆனால் தொழில் தோற்றாலும் அடுத்த பருவத்தில் விதைக்க நிலம் இருக்க வேண்டும். நிலம் இருந்தால் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். நிலம் போனால் அந்தத் துணிவு ஒரு முறையோடு முடிந்துவிடும்.

பத்திரம் இல்லாமல் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். குறு, சிறு தொழிலுக்குக் குறைந்தது ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இத்தகைய கடனுக்கு உத்தரவாதம் அளிப்பதற்கென்றே 2000-ம் ஆண்டு முதல் ஒரு நிதி அமைப்பு இயங்குகிறது. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டமும் ஈடு இல்லாக் கடனே. ஆகவே கிளை அலுவலகத்தில் "பத்திரம் கொண்டு வா" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால், உடனே வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். திட்ட அறிக்கையோடு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். மறுத்தால் அதையும் எழுத்து மூலம் கேளுங்கள். மாவட்டத் தொழில் மையமும் முன்னோடி வங்கி மேலாளரும் இதற்காகவே இருக்கிறார்கள்.

மானியத் திட்டங்களும் உள்ளன. வேளாண்மை படித்த இளைஞர்களுக்காக மத்திய அரசு 2002-ல் தொடங்கிய வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில், இலவசப் பயிற்சிக்குப் பின் வங்கிக் கடனோடு 36 சதவீதமும், பெண்கள் மற்றும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 44 சதவீதமும் மானியம் என்று விதி வகுக்கப்பட்டது. சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-ல் வந்த திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் என்று வைத்தார்கள். தமிழக அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், வேளாண் பட்டதாரிகளையும் பட்டயப் படிப்பு முடித்தவர்களையும் கொண்டு ஆயிரம் உழவர் நல சேவை மையங்கள் அமைக்க 30 சதவீத மானியம் அறிவிக்கப்பட்டது. திட்டங்களின் காலமும் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. மனுப் போடுமுன் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

ஒன்றை மட்டும் பெற்றோர்கள் நன்கு கவனிக்க வேண்டும். இத்தகைய திட்டங்களில் மானியம் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. அது வங்கியில் தனிக் கணக்கில் நின்று, தொழில் சரியாக நடந்தால் பின்னால் கடனில் வரவு வைக்கப்படும். 35 சதவீதம் மானியம் என்று கேட்டவுடன் அந்தப் பணம் கையில் இருப்பதாக நினைத்துப் பெரிய இயந்திரம் வாங்கியவர்கள், நடுவில் தண்டல்காரரிடமும் கந்துவட்டிக்காரரிடமும் போய் நிற்கிறார்கள். நிலம் வங்கிக்குப் போவதை விட இப்படிப் போவதுதான் அதிகம்.

ஒரு கணக்கு

குதிரைவாலி ஆலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பேரையூர், டி.கல்லுப்பட்டி மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற பயிர் இது. மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட ம.து.1 ரகமும் இருக்கிறது. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இளைஞர்கள் பலருக்கு இதில் நாட்டம் வந்துள்ளது. குதிரைவாலியில் உமி நீக்குவதுதான் கடினம். ஆகவே ஊருக்குள் ஓர் ஆலை வந்தால் எல்லோருக்கும் நன்மை.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் இளைஞர் ரூ.10 லட்சம் கடனில் இயந்திரம் வாங்குகிறார். ஆண்டுக்கு 50 டன் அரைக்க எண்ணுகிறார். தானியம் கிலோ ரூ.35 என்றால் 50 டன்னுக்கு ரூ.17½ லட்சம் வேண்டும். இயந்திரத்தை விடத் தானியத்துக்கு வேண்டிய பணம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். மானாவாரிக் குதிரைவாலி மார்கழி, தை வாக்கில் ஒரே நேரத்தில் களத்துக்கு வருகிறது. விற்பனையோ ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக நடக்கிறது. நகரத்துக் கடைக்காரர் சரக்கை வாங்கி ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்.

இயந்திரத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், மானியமும் உண்டு. தானியம் வாங்கும் பணத்துக்கு எளிதில் ஆள் இல்லை. அந்தக் குழியை அடைக்கத்தான் பிள்ளை நிலப் பத்திரத்தைக் கேட்கிறான். அல்லது உங்களிடம் தானியத்தைக் கடனாகக் கேட்கிறான். தொழில் நொடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யோசனை கெட்டதாக இருப்பதால் அல்ல, இடைக்காலப் பணம் இல்லாததால்.

இதற்கு நான் சொல்லும் வழி, முதல் ஆண்டு தானியத்தை விலைக்கு வாங்காமல் கூலிக்கு அரைத்துக் கொடுப்பது. அதே 50 டன்னை கிலோ ரூ.5 கூலிக்கு அரைத்தால் ரூ.2½ லட்சம் வரும். ரூ.10 லட்சம் கடனை ஐந்து ஆண்டில் 10 சதவீத வட்டியோடு அடைப்பதென்றால் முதல் ஆண்டில் அசல் ரூ.2 லட்சம், வட்டி சுமார் ரூ.1 லட்சம், ஆக ரூ.3 லட்சம். மின்சாரக் கட்டணம் கட்டுமுன்பே ரூ.50 ஆயிரம் குறைகிறது. ஆகவே அந்த இயந்திரம் அந்த ஊருக்குப் பெரியது. ரூ.4 லட்சத்தில் சிறிய இயந்திரம் என்றால் அசல் ரூ.80 ஆயிரம், வட்டி ரூ.40 ஆயிரம், ஆக ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். மின்சாரம், ஆள் கூலி, பழுது பார்க்க ரூ.1 லட்சம் என்றாலும் ரூ.30 ஆயிரம் மிஞ்சும். முதல் ஆண்டில் இது வருமானம் என்று சொல்லும்படி இல்லைதான். ஆனால் கடன் ஏறவில்லை, தொழில் கைக்கு வந்துவிட்டது, சுற்றுப்பட்டி விவசாயிகளும் அறிமுகமாகிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் பத்து டன் சொந்தக் கொள்முதல் செய்து பார்க்கலாம்.

பிள்ளைகள் இப்படி ஒரு தாளில் கணக்கெழுதி வீட்டில் காட்ட வேண்டும். இயந்திரம் எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் திரும்பும், மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற நான்கு கேள்விக்கும் அதில் விடை இருக்க வேண்டும். விடை இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

விளைபொருளைக் கடனாகக் கொடுக்கலாமா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு பாகுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விளைபொருளை வாங்க வருபவர் வேறு. உங்களிடம் பணம் வாங்க வருபவர் வேறு. 2012-ல் பெருந்துறையை மையமாகக் கொண்டு நடந்த ஈமுக் கோழித் திட்டங்கள் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முன்பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதா மாதம் பணம் தருகிறோம், கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. முன்பு சேர்ந்தவருக்குத் தந்த பணம் பின்பு சேர்ந்தவர் கட்டிய பணமே. கடைசியில் கோழிக்குத் தீவனம் போடக் கூட நாதியில்லாமல் போயிற்று. கடனில் பண்ணை வைத்தவர்கள் கடனோடு நின்றார்கள்.

ஆகவே முன்பணம் கேட்டு, மாத வருமானம் உறுதி என்று சொல்லி வரும் எந்தக் கம்பெனிக்கும், அதை நடத்துபவர் எவ்வளவு இளைஞராக இருந்தாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், கதவைச் சாத்திவிடுங்கள். இது தொழிலுக்கு ஆதரவு அளிப்பதில் சேராது.

உண்மையாகவே விளைபொருளை வாங்கி விற்க முனையும் இளைஞருக்கு உதவலாம். அதற்கும் ஓர் அளவு வேண்டும். என் யோசனைகள் இவை:

முதல் பருவத்தில் விளைச்சலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை வழக்கமான இடத்திலேயே விற்றுக்கொள்ளுங்கள்.

எடை போடும்போதே பாதிப் பணம் ரொக்கமாக வேண்டும். மீதிக்கு எடை, விலை, தேதி எழுதிய சீட்டு வாங்குங்கள்.

மீதிப் பணம் 15 நாளில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த லோடு இல்லை. இதில் தாட்சண்யம் கூடாது.

மீதிச் சரக்கை அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். சரக்கு மதிப்பில் ஒரு பகுதி கடனாகக் கிடைக்கும். விலை வரும்போது விற்று அடைக்கலாம். நிலத்துக்குப் பதில் விளைபொருளை ஈடு வைக்கும் இந்த முறையை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் என்றால் எழுத்தில் இருக்கட்டும். தமிழகம் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென 2019-ல் தனிச் சட்டமே இயற்றியது. விலை என்ன, தரம் என்ன, விலை சரிந்தால் என்ன என்பது விதைக்குமுன் எழுதப்பட வேண்டும்.

இதெல்லாம் புதிதல்ல. பால் சங்கம் ஏன் நிலைத்தது? 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கியது முதல், தினமும் பால் எடுப்பது, கண்ணெதிரே அளப்பது, குறித்த நாளில் பணம் கொடுப்பது என்ற முறையால்தான் சங்கங்கள் நம்பிக்கை பெற்றன. பணம் தாமதமானால் அங்கும் உற்பத்தியாளர் தனியாருக்குப் போய்விடுகிறார். கம்பெனி தொடங்கும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பொட்டலத்தின் படத்துக்கும் பெயருக்கும் செலவழிக்குமுன் விவசாயியின் பாக்கிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

பூ விவசாயிகளுக்கு ஒரு சொல். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் பூவை அந்தக் கடைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. புதிதாக ஓர் இளைஞர் நல்ல விலைக்கு வந்து கேட்டாலும் கொடுக்க வழியில்லை. ஆகவே முன்பணத்தைச் சிறுகச் சிறுக அடைத்து, பறிப்பில் ஒரு பகுதியையாவது விருப்பப்பட்ட இடத்தில் விற்கும் உரிமையை மீட்டுக்கொள்வது உங்களுக்கும் நல்லது, புதுத் தொழிலுக்கும் நல்லது.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது

மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே நபார்டு வங்கி உதவியுடன் வேளாண் தொழில் முனைவோரை வளர்க்கும் மையம் இயங்குகிறது. தமிழக அரசின் புத்தொழில் இயக்கமும் இளம் நிறுவனங்களுக்கு ஆதார நிதி அளிக்கிறது. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் இத்தகைய மையங்களின் வேலையை எதை வைத்து அளப்பது என்பதில் மாற்றம் வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை கம்பெனி பதிவு, எத்தனை பேருக்குப் பரிசு என்று எண்ணுவது எளிது. மூன்றாம் ஆண்டில் எத்தனை கம்பெனி நடக்கிறது, விவசாயிகளின் பாக்கியை எத்தனை நாளில் தீர்த்தது என்று எண்ண வேண்டும். சிறு விவசாயிக்கு வேண்டிய கணக்கு இதுதான்.

மதுரையிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் வைக்கும் லென்சை இங்கேயே குறைந்த விலையில் செய்ய 1992-ல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. அந்தப் புதுத் தொழிலுக்கு முதல் நாளிலேயே வாங்குவதற்கு ஆள் இருந்தது. அந்த மருத்துவமனையே வாங்கியது. தரம் நிலைப்பட்ட பிறகு வெளிநாடுகளுக்கும் போனது. புதுத் தொழிலுக்குப் பரிசுப் பணத்தை விடப் பெரிய உதவி, உறுதியாக வாங்கும் முதல் வாடிக்கையாளர்.

விவசாயத் தொழிலிலும் அரசு அந்த முதல் வாடிக்கையாளராக இருக்க முடியும். 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதைப் போல மதுரை மாவட்டத்து மாணவர் விடுதிகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் வாரத்தில் ஒரு நாள் குதிரைவாலி என்று வைத்து, உள்ளூர்ச் சிறு ஆலைகளிடம் வாங்கினால் போதும். மானியம் இல்லாமலே பல ஆலைகள் நிலைத்துவிடும். ஆனால் வாங்கினால் பணத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி கட்ட வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இளைஞர்கள் தொழிலைப் பதிவு செய்துகொண்டால் இந்தச் சட்டத்தின்படி முறையிடலாம்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. இருக்கும் கம்பெனிகள் பலவற்றுக்கு உரம் விற்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஊரில் படித்த பிள்ளைகள் தனியே கம்பெனி தொடங்குவதை விட, உற்பத்தியாளர் கம்பெனியின் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினால், முதலீட்டுச் சுமை குறையும். தானியமும் பங்குதாரர்களிடமிருந்தே வரும்.

பெற்றோருக்குக் கடைசியாக

தொழில் தொடங்குமுன்பே ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறுவடை பார்ப்போம், கூலியும் வட்டியும் கட்டவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி, நொடித்த தொழிலை வட்டிக்கு வாங்கி இழுத்துக்கொண்டு போவதால்தான் குடும்பங்கள் அழிகின்றன. நல்ல பயிரும் சில பருவத்தில் பொய்க்கிறது. அதற்காக விவசாயியை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. தொழிலை நிறுத்திய பிள்ளையையும் அப்படியே நடத்துங்கள். இரண்டாம் முறை தொடங்கும்போது அவனுக்கு அனுபவம் இருக்கும்.

மகள் தொழில் தொடங்க விரும்பினாலும் இதே கணக்குத்தான். மகனுக்குப் பத்திரம், மகளுக்குப் புத்திமதி என்று நடத்த வேண்டாம். சுய உதவிக் குழுவில் கணக்கெழுதிப் பழகிய பெண்கள் கடனைக் குறித்த தேதியில் கட்டுவதை வங்கிகளே அறியும்.

பிள்ளைகளுக்கு உங்கள் கொட்டகையில் இடம் கொடுங்கள். கூலியில்லாமல் ஒரு பருவம் உங்கள் உழைப்பைக் கொடுங்கள். முதல் மூட்டையைக் கொடுங்கள். பத்து விவசாயிகளிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்யுங்கள். அவர்களுடைய கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். பத்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். நல்ல தொழில் அந்தப் பத்திரம் இல்லாமலே வளரும். வளராத தொழிலை அந்தப் பத்திரத்தாலும் காப்பாற்ற முடியாது.